பொழுது யாருடையது?

நம் தெருக்களில் நடக்கும் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். பாபாசாகேப் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் படித்தார், நீங்களோ பதினெட்டு மணி நேரமும் செல்போனைப் பார்க்கிறீர்கள் என்று மேடையில் இருப்பவர் சாடுவார். பையன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். தாய்மார்கள் கை தட்டுவார்கள். ஆடினது போதும், சினிமா போதும், படி என்பதே நம் இயக்கங்கள் இளைஞர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரையாக இருக்கிறது. அக்கறையில் பிறந்த பேச்சுதான். முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் வீட்டில் ஒரு மணி நேரம் வீணானால் என்ன இழப்பு என்பது நமக்குத்தான் தெரியும். ஆனால் இந்தப் பேச்சில் இருப்பது பாதி அம்பேத்கர்தான்.

மற்றப் பாதி, 1945இல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன?' என்ற நூலில் இருக்கிறது. அதில் காந்தியத்தை ஆராயும் அத்தியாயத்தில் அவர் ஓய்வைப் பற்றிப் பேசுகிறார். இயந்திரம் வேண்டாம், இராட்டையும் கிராமமும் எளிய வாழ்வும் போதும் என்ற வாதத்துக்கு அவர் சொல்லும் பதில் இதுதான்: வயிறு நிரம்பியதும் விலங்கின் தேவை முடிந்துவிடுகிறது. மனிதருக்கு அப்படியல்ல. மனம் என்று ஒன்று இருக்கிறது. அது வளர, யோசிக்க, ரசிக்க நேரம் வேண்டும். விழித்திருக்கும் நேரம் முழுவதையும் பிழைப்பே தின்றுவிட்டால் பண்பாட்டுக்கு இடமே இல்லை. அந்த நேரத்தை உண்டாக்கித் தரக்கூடியது இயந்திரம். இயந்திரத்தால் கேடு வந்தது என்றால், அதன் பலனைச் சிலர் மட்டும் அள்ளிக்கொள்ளும் சமூக அமைப்பைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். ஒரு சிலருக்கு ஓய்வும் பண்பாடும், மற்ற எல்லோருக்கும் ஓயாத உழைப்பும் என்பது ஜனநாயகத்தை ஏற்காத சமூகத்துக்குச் சரியாக இருக்கலாம். ஜனநாயகம் பேசுகிற சமூகம் அதை ஏற்க முடியாது என்கிறார்.

இரவும் பகலும் உழைத்த மனிதர் எழுதியது இது. அவரே பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டவர். நம் பேனர்களில் சட்டப் புத்தகம் ஏந்திய அம்பேத்கர் இருக்கிறார். வயலின் ஏந்திய அம்பேத்கரை எங்கும் காணோம்.

'பொழுதுபோக்கு' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். போக்குவதற்கு முதலில் பொழுது கையில் இருக்க வேண்டும் அல்லவா? தமிழில் பொழுது என்றால் நேரம். பொழுது என்றால் சூரியனும்தான். பண்ணையாளுக்கு இரண்டும் ஒன்றே. பொழுது புலருமுன் வயலில் இறங்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகே கரையேற வேண்டும். தஞ்சைத் தரணியில் தாமதமாக வந்தவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. 1940களில் அங்கே செங்கொடி இயக்கம் வேர்பிடித்தபோது முதலில் எழுந்த முழக்கங்களில் ஒன்று, இந்த இரண்டையும் நிறுத்து என்பதுதான். கூலி உயர்வுப் போராட்டமாக மட்டுமே அதை இன்று நினைவுகூர்கிறோம். தன் பொழுதின் ஒரு பகுதியாவது தனக்குச் சொந்தம் என்ற கோரிக்கையும் அதற்குள் இருந்தது.

சரி, திருவிழா நாளில் ஓய்வு இருந்திருக்குமே என்று கேட்கலாம். ஊருக்கு இருந்தது. பறை அடிப்பது யார், பந்தலுக்குக் கால் நடுவது யார், மறுநாள் எச்சில் இலை அள்ளுவது யார்? ஊர் கூடி மகிழும் நாள்தான் சேரிக்கு வேலை மிகுந்த நாள். இது ஏதோ பழங்கதை அல்ல. காணும் பொங்கலுக்குச் சென்னை நகரமே மெரினாவில் கூடுகிறது. அன்று இரவும் மறுநாள் விடியற்காலையும் அந்த மணலில் குப்பை பொறுக்குகிற தூய்மைப் பணியாளர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குக் காணும் பொங்கல் எந்தத் தேதியில் வருகிறது?

ஒருவரின் விளையாட்டு இன்னொருவரின் வேலையாக இருப்பதற்கு வரலாற்றில் ஒரு தெளிவான சான்று உண்டு. அது ஒரு கிரிக்கெட்காரரின் வாழ்க்கை.

பல்வாங்கர் பாலு 1876இல் தார்வாடில் சமார் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பூனாவில் ராணுவப் பணியில் இருந்தார். சிறுவனாக இருந்தபோதே பார்சிகளின் கிரிக்கெட் மன்றத்தில் மைதானம் பெருக்கி, ஆடுகளத்தில் உருளை இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 3 ரூபாய் சம்பளம். பிறகு வெள்ளையர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். வலை கட்டுவது, உருளை இழுப்பது, கோடு போடுவதோடு, துரைமார்கள் பயிற்சி எடுக்கும்போது பந்து வீசுவதும் அவர் வேலை. கிரெய்க் என்ற ஆங்கில அதிகாரி, தன்னை ஒவ்வொரு முறை ஆட்டமிழக்கச் செய்யும்போதும் எட்டணா கொடுத்தார் என்று சொல்வார்கள். மணிக்கணக்கில் பந்து வீசிய அந்த இளைஞனின் கையில் அங்கே யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. கிரிக்கெட்டின் வரலாற்றை எழுதிய ராமச்சந்திர குஹா இதைச் சுட்டிக்காட்டுகிறார். மட்டை பிடிப்பது கனவான்களின் இன்பம். ஓடி ஓடிப் பந்து போடுவது பணியாளின் பாடு. ஒரே மைதானம், ஒரே பந்து. ஒருவருக்கு அது ஓய்வு நேரம், இன்னொருவருக்குக் கூலி நேரம்.

அந்தக் கூலி நேரத்தில்தான் அவர் இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளராக உருவானார் என்பது வேறு கதை. வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் பூனாவின் இந்து மன்றத்துக்கு அவர் தேவைப்பட்டார். சாதி இந்துக்கள் அவரோடு களத்தில் ஆடினார்கள். அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் நிலைமை மாறியது. மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு மட்டும் வெளியே, எறிந்துவிடக்கூடிய மண் குவளையில் தேநீர். சாப்பாட்டுக்குத் தனி மேசை. நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளையும் பூனா மைதானத்தின் மண் குவளையும் ஒரே குயவர் செய்தவை அல்ல. ஒரே சாஸ்திரம் செய்தவை. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆட்டம் நடக்கும்போது தீட்டு இல்லை, ஓய்வின்போது தீட்டு வந்துவிடுகிறது. வேலைக்கு நம் கை வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து இளைப்பாற நாம் கூடாது. ஓய்வில்தான் மனிதர்கள் சமமாகப் பழகுகிறார்கள், கதை பேசுகிறார்கள், சிநேகம் கொள்கிறார்கள். அதனால்தான் சாதி வேலையிடத்தைவிட ஓய்விடத்தைக் கவனமாகக் காவல் காக்கிறது.

பாலு பம்பாய்க்குப் போனார். 1906இல் இந்துக்கள் அணி வெள்ளையர் அணியை வென்றதில் அவர் பங்கு பெரிது. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 114. இவ்வளவுக்குப் பிறகும் இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1920இல் இதை எதிர்த்து அவருடைய தம்பிகள் ஆட மறுத்தார்கள். கடைசியில் 1923இல் தம்பி விட்டல் அணித் தலைவரானார், அணியும் வென்றது. இளம் அம்பேத்கர் பாலுவைப் பெருமையோடு பார்த்தவர். அவருக்கான பாராட்டு நிகழ்வில் பங்கெடுத்தவர். பின்னாளில் பாலு காங்கிரஸ் பக்கம் போனார், 1937 தேர்தலில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். அவருடைய அரசியலோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் பொது மைதானத்தில் ஒரு தீண்டத்தகாதவன் சிறந்தவனாக நின்றதை, அதைப் பார்த்த ஆயிரக்கணக்கான நம் மக்களின் நெஞ்சு நிமிர்ந்ததை, வெறும் கேளிக்கை என்று எப்படித் தள்ளுவது?

பொது இடத்தில் இளைப்பாறும் உரிமைக்காக நம் முன்னோர்கள் சட்டத்தின் வழியாகவும் போராடினார்கள். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை நாம் பொதுச்சாலைத் தீர்மானம் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அதில் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றோடு, மக்கள் பொதுவாகக் கூடும் இடங்களும் இருந்தன. தண்ணீர் எடுக்கவும் மனுக் கொடுக்கவும் மட்டும் அவர் வழி கேட்கவில்லை. வேலை எதுவும் இல்லாமல் போய் நிற்கவும் கேட்டார். வேலை இல்லாமல் ஒரு பறையர் பொதுத்தெருவில் நிற்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய 'குற்றம்' என்பதை அறிந்தால்தான் இந்தக் கோரிக்கையின் கனம் புரியும்.

கால் நூற்றாண்டு கழித்து அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவில், கடைகள், உணவகங்கள், விடுதிகளோடு பொதுக் கேளிக்கை இடங்களும் சேர்ந்தன. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில், அதுவும் அடிப்படை உரிமைகள் பகுதியில், கேளிக்கைக்கு என்ன இடம்? சினிமாக் கொட்டகையும் நாடக அரங்கும் சாதி நடக்கும் இடங்கள் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1948 நவம்பரில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, சென்னை மாகாணத்து தலித் உறுப்பினரான எஸ். நாகப்பா, கடை என்ற சொல்லில் சலவைக் கடையும் சவரக் கடையும் அடங்குமா என்று கேட்டார். அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். முடிவெட்டிக்கொள்வது போன்ற சின்ன விஷயத்துக்கு அரசியல் நிர்ணய சபையில் விளக்கம் கேட்க வேண்டியிருந்தது என்றால் நம் நிலைமை அப்படி. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், பொதுக் கேளிக்கை இடத்தில் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

இன்னொன்று நேரம் பற்றிய சட்டம். ஒவ்வொரு மே தினத்துக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: 14 மணி நேர வேலையை அம்பேத்கர் 8 மணி நேரமாகக் குறைத்தார் என்று. நம் ஆட்களே அனுப்புவதுதான். 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படியே ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம்தான் உச்சவரம்பு. வைசிராயின் நிர்வாக சபையில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை வகித்த அம்பேத்கரின் காலத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம், 1946இல் அதை 48ஆகக் குறைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பைத் தரும் திருத்தமும் வந்தது. உண்மையான சாதனையே பெரிது; அதை ஊதிப் பெருக்கினால் எதிராளிக்குத்தான் வசதி. ஓய்வைப் பற்றி 1945இல் எழுதியவர், அதே ஆண்டுகளில் அதைச் சட்டமாகவும் ஆக்கிக்கொண்டிருந்தார் என்பதே நாம் சொல்ல வேண்டிய செய்தி.

அந்தச் சட்டம் ஆலையின் வாசலோடு நின்றது. வயலுக்கும், வீட்டுவேலைக்கும், மலம் அள்ளும் வேலைக்கும் வரவில்லை. நம் மக்களில் பெரும்பாலோர் எங்கே இருந்தார்களோ அங்கெல்லாம் வரவில்லை.

சரி, கேளிக்கை எல்லாமே நல்லது என்கிறோமா? இல்லை. இங்கேதான் மராட்டியத்தின் தமாஷா வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமாஷா மேடையில் லாவணி ஆடிய பெண்களில் பெரும்பாலோர் மகர், மாங் போன்ற தீண்டப்படாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். பார்த்து ரசித்துப் பணம் எறிந்தவர்கள் எல்லாச் சாதியினரும். பட்டே பாபுராவ் என்ற பார்ப்பனத் தமாஷாக் கவிஞர், பவளா என்ற மகர் பெண்ணின் ஆட்டத்தோடு புகழ்பெற்றவர். தன் தமாஷா வருமானத்திலிருந்து இயக்கத்துக்கு நிதி தர அவர் முன்வந்தபோது அம்பேத்கர் வாங்க மறுத்துவிட்டார் என்று பதிவாகியிருக்கிறது. நம் பெண்களை ஆடவைத்துச் சம்பாதித்த பணம் வேண்டாம் என்பது அவர் நிலை. இயக்கத்துக்குப் பணத்தட்டுப்பாடு இருந்த காலத்தில் எடுத்த முடிவு அது.

பாட்டையும் கூத்தையுமே அவர் வேண்டாம் என்றதாக இதற்குப் பொருள் இல்லை. 1930களில் பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் தமாஷாவின் வடிவத்தை எடுத்து அம்பேத்கரிய ஜல்சாவாக மாற்றி ஊர் ஊராகப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு மகத் போராட்டத்தையும் காலாராம் கோயில் நுழைவையும் கொண்டு சேர்த்தது சிரிப்பும் பாட்டும் கலந்த அந்த மேடைதான். ஆனால் லாவணி ஆடிய பெண்களுக்கு அந்தப் புதிய மேடையில் இடம் இருக்கவில்லை. 2022இல் வெளிவந்த தன் நூலில் தலித் வரலாற்றாளர் ஷைலஜா பாய்க் இந்த இடத்தில்தான் நம்மைத் தடுத்து நிறுத்துகிறார். கேவலம் என்று ஒதுக்கப்பட்டது சாதி அமைப்பா, அந்த அமைப்பில் ஆடிப் பிழைத்த பெண்ணா? பணத்தை மறுத்தது சரி என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் விடுதலை வந்தபோது முதலில் பறிபோனது அவர்கள் பிழைப்பு. இந்த முரணை நாம் இன்னும் தீர்க்கவில்லை.

தமிழ்நாட்டில் பறையின் கதையும் இதே வழியில்தான் போனது. சாவுக்கும் கோயிலுக்கும் இனி அடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் இளைஞர்கள் மறுத்தார்கள். அதற்காக ஊர்விலக்கும் அடியும் வாங்கினார்கள். 1990களில் கலைக்குழுக்கள் அதே கருவியை விடுதலைக் கருவியாக மேடையேற்றின. பெண்களும் தோளில் மாட்டினார்கள். இழிவு என்று எறிவதா, கலை என்று ஏந்துவதா என்ற வாக்குவாதம் நம் வீடுகளுக்குள் இன்றும் நடக்கிறது. எங்களுக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிகிற இடத்தில் அது கலை. சொல்ல முடியாத இடத்தில் எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் அது ஊழியம். கல்லூரி விழாவுக்கு அழைத்து, மேடையில் கைதட்டி, சாப்பாட்டு நேரத்தில் குழுவை வெளியே நிறுத்திவைக்கிறவர்கள் பாலுவின் மண் குவளையைத்தான் இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள்.

இந்த அளவுகோலை ஊர்த்தெருவுக்கு மட்டும் பிடித்தால் நேர்மை ஆகாது. நம் காலனிக்குள்ளும் பிடிக்க வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்களோ 97 நிமிடம். அதிலும் அந்த வேலையைச் செய்யும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். இது எல்லாச் சாதிக்கும் சேர்த்த கணக்கு. நம் தெருவில் வேறு மாதிரி இருக்கும் என்று நம்ப எங்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை. மாலையில் வேலை முடிந்து வரும் ஆண் கேரம் பலகைக்கோ, மன்றத் திண்ணைக்கோ, டாஸ்மாக்குக்கோ போகிறார். அதே வயலிலிருந்து, அதே நூறு நாள் வேலையிலிருந்து வரும் பெண் அடுப்புக்குப் போகிறார். அவர் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதுகூட வெங்காயம் உரித்துக்கொண்டேதான். அதைத்தான் "எந்நேரமும் சீரியல்" என்று நாம் கிண்டல் செய்கிறோம். பண்ணையாரின் ஓய்வு பண்ணையாளின் பொழுதிலிருந்து எடுக்கப்பட்டது என்று சரியாகக் கண்டுகொண்ட நமக்கு, நம் ஓய்வு யாருடைய பொழுதிலிருந்து வருகிறது என்பது மட்டும் ஏன் தெரிவதில்லை?

பிறந்தநாள் மேடையில் திட்டு வாங்கும் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. செல்போனில் பந்தயம் கட்டிப் பணம் இழக்கும் ஆட்டத்தை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. அது பொழுதுபோக்கே அல்ல. பொழுதையும் கூலியையும் சேர்த்து உறிஞ்சும் வியாபாரம். ஆனால் அவனுக்கு வேறு என்ன வைத்திருக்கிறோம்? பல கிராமங்களில் விளையாட்டுத் திடல் ஊர்ப் பக்கம் இருக்கிறது. அங்கே நடக்கும் கபடிப் போட்டிக்குச் சாதிப் பெயரில் அணிகள் வருகின்றன. நம் பையன்கள் ஜெயித்தால் அன்று இரவு தகராறு. நூலகமும் ஊர்ப் பக்கம். காலனியில் இருப்பது வெயிலுக்கு ஒதுங்க ஒரு மேல்நிலைத் தொட்டியின் நிழல். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. வயதுக்கு வந்த பிறகு அவர்கள் வீதியில் ஓடி நாம் பார்த்ததில்லை.

மே 1 அன்று கிராம சபை கூடும். 1923இல் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே தினத்தைச் சென்னையில் கொண்டாடிய நாள் அது. குடிநீர், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று நம் மனுக்கள் வழக்கம்போல் போகட்டும். அவற்றோடு இந்த முறை இன்னும் இரண்டு மனுக்களைச் சேர்க்கலாம் என்று எங்கள் பகுதியில் பேசியிருக்கிறோம். காலனியை ஒட்டிய புறம்போக்கில் ஒரு திடல். அதில் மாலை 5 முதல் 6 வரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும். இரண்டாவது, திருவிழா நாள்களில் வேலை செய்யும் தூய்மைக் காவலர்களுக்கு மறுவாரம் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு. மனுவில் கையெழுத்துப் போட வருகிற ஆண்கள், அந்த 5 முதல் 6 வரை வீட்டில் அடுப்பை யார் பார்ப்பது என்பதையும் பேசி முடிவு செய்துவிட்டு வரட்டும்.